பிளடி சண்டே (2002): தடை 12, தடை 14, படம் காட்டுவதும் விடுவதும்

திரைமுனை

பால் கிரீன்கிராஸ் இயக்கிய ‘பிளடி சண்டே’யைப் பற்றிப் பேச்சு வந்தாலே “ஆவணப்படம் மாதிரியே இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். இந்த இழையில் கொஞ்சம் நின்று பேசலாம்.

வட அயர்லாந்தின் டெரி நகரம், 1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. விசாரணையில்லாமல் சிறைவைக்கும் சட்டத்தை எதிர்த்து சிவில் உரிமைப் பேரணி. பிரிட்டிஷ் பாராசூட் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். படம் அந்த ஒரு நாளைக் காலையிலிருந்து இரவுவரை சொல்கிறது. பதைபதைப்பில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் பார்த்து முடித்தவரிடம் “ராணுவம் எந்தப் பக்கமிருந்து வந்தது?” என்று கேளுங்கள். பதில் வராது. என் குறை அதுதான். இந்த நிகழ்வில் குற்றம் நடந்த விதமே தெருக்களின் அமைப்பில் இருக்கிறது. அது புரியவில்லை என்றால் “கலவரத்தில் யாரோ சுட்டார்கள்” என்ற அளவில் மனதில் தங்கிவிடும்.

படத்தைப் போடுவதற்கு முன் ஒரு தாளில் பெரிய கூட்டல் குறி போட்டுக்கொள்ளுங்கள். மேல்பக்கம் வடக்கு.

இடமிருந்து வலமாக ஓடும் கோடு வில்லியம் தெரு. பேரணி மேற்கே கிரெகன் குடியிருப்பிலிருந்து இறங்கி இதன் வழியாக வருகிறது. நேராகக் கிழக்கே போனால் கில்ட்ஹால் சதுக்கம். அங்கே போய்ச் சேருவதுதான் முதல் திட்டம். குறுக்கே ராணுவம் வைத்தது தடை 14.

கீழ்நோக்கி, தெற்கே, ராஸ்வில் தெரு. அதன் முடிவில் ஃப்ரீ டெரி முனை. ஏற்பாட்டாளர்கள் தங்கள் லாரியைத் திருப்பியது இந்தப் பக்கம். மேல்நோக்கி, வடக்கே, லிட்டில் ஜேம்ஸ் தெரு. அதில் தடை 12.

ராஸ்வில் தெருவின் கிழக்கே பத்து மாடி ராஸ்வில் குடியிருப்பு, மூன்று கட்டடங்கள், நடுவில் வாகன நிறுத்தம். மேற்கே கிளென்ஃபாடா பார்க், அதையும் தாண்டினால் அபி பார்க். தெருவின் நடுவே இடிபாடுகளைக் குவித்த ஒரு தடுப்பு. இதெல்லாம் வரைந்தாயிற்று என்றால் படத்தின் இரண்டாம் பாதி வேறு படமாகத் தெரியும்.

ஆவணப்பெட்டி

திரைமுனை, நல்ல தொடக்கம். அந்தக் கூட்டல் குறியின் மேல் நேரத்தையும் எழுதிவிடுகிறேன்.

பேரணி 3 மணிக்குச் சற்று முன் கிரெகனிலிருந்து கிளம்பியது. முன்வரிசை சந்திப்புக்கு வந்ததும் லாரி வலதுபக்கம் திரும்பியது. ஒரு பகுதியினர் திரும்பாமல் நேரே தடை 14க்குப் போய்விட்டார்கள். கல்லெறி, பதிலுக்கு ரப்பர் குண்டு, கண்ணீர்ப்புகை, சாயம் கலந்த தண்ணீர். அந்தக் காலத்து டெரியில் இது வழக்கமாக நடப்பதுதான்.

சுமார் 3.55க்கு வில்லியம் தெருவில் ஒரு பாழடைந்த கட்டடத்தில் இருந்த வீரர்கள் சுட்டு இருவர் காயப்பட்டார்கள்: டேமியன் டோனகி, வயது 15, ஜான் ஜான்ஸ்டன், வயது 55. முதல் இரத்தம் இதுதான். இதற்குப் பிறகே ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் ‘அதிகாரபூர்வ’ பிரிவைச் சேர்ந்த ஒருவர் ஒரே ஒரு முறை சுட்டார். அது ஒரு தண்ணீர்க் குழாயில் பட்டது.

அதே 3.55க்கு பாராசூட் பட்டாலியனின் தளபதி லெஃப்டினன்ட் கர்னல் டெரெக் வில்ஃபோர்ட் தடை 14 வழியாக ஒரு கம்பெனியை அனுப்ப அனுமதி கேட்டார். அவருக்கு மேலதிகாரியான பிரிகேடியர் பேட்ரிக் மெக்லெல்லன் உடனே கொடுக்கவில்லை. பேரணிக்காரர்களும் கல்லெறிபவர்களும் பிரியட்டும் என்று காத்திருந்து 4.07க்கு உத்தரவு தந்தார். அதில் இரண்டு வரம்புகள்: தடை 14 வழியாக ஒரே ஒரு பிரிவு, ராஸ்வில் தெருவில் துரத்திக்கொண்டு ஓடக்கூடாது.

வில்ஃபோர்ட் தடை 14 வழியாக சி கம்பெனியை அனுப்பினார். கூடவே தடை 12 வழியாக சப்போர்ட் கம்பெனியை வாகனங்களில் அனுப்பினார். உத்தரவில் இல்லாதது இதுதான். தடை 14 வழியாகக் கால்நடையாக மேற்கே வந்திருந்தால் எதிர்ப்படுபவர்கள் பெரும்பாலும் கல்லெறிந்தவர்கள். தடை 12 வழியாக வண்டி தெற்கே பாய்ந்தால் சந்திப்பைத் தாண்டி நேராக ராஸ்வில் தெருவுக்குள், கலைந்து போய்க்கொண்டிருந்த சாதாரண ஜனங்களுக்கு நடுவில் போய் நிற்கும். பிரிகேடியர் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்து உண்டாக்கிய பிரிவினை அரை நிமிடத்தில் போயிற்று.

ஒலித்தடம்

திரைமுனை சொல்லும் குறையை நான் குறையாகப் பார்க்கவில்லை. அந்தக் குழப்பம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. தெருவில் இருந்தவருக்கு வரைபடம் ஏது?

ஒலியைக் கவனியுங்கள். வீரர்கள் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் 7.62 மி.மீ. குண்டு ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும். அதனால் குண்டு கடந்துபோகும் இடத்தில் நிற்பவருக்கு முதலில் காதருகே சாட்டை சொடுக்கினாற்போல் ஒரு வெடிப்பு, பிறகு துப்பாக்கி இருக்கும் திசையிலிருந்து ஒரு ‘டும்’. 100 மீட்டர் தூரத்தில் இரண்டுக்கும் இடைவெளி ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. 50 மீட்டரில் அதிலும் பாதி. பழக்கமில்லாத காது முதல் வெடிப்பைத்தான் துப்பாக்கி என்று எடுத்துக்கொள்ளும். அதற்குத் திசை கிடையாது. மூன்று பக்கமும் பத்து மாடிக் கான்கிரீட் சுவர் இருந்தால் எதிரொலியும் சேர்ந்து ஒரு குண்டு மூன்று குண்டாகக் கேட்கும்.

இது ரசனைக்காகச் சொல்லும் விஷயமல்ல. சப்போர்ட் கம்பெனியின் ஒரு பிரிவான மோர்ட்டர் பிளாட்டூனின் தளபதி, விசாரணையில் லெஃப்டினன்ட் என் என்று குறிக்கப்பட்டவர், ஈடன் பிளேஸ் சந்தில் வந்த மக்களின் தலைக்கு மேலே சுட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்ட மற்ற வீரர்கள் தாங்களே தாக்கப்படுவதாக நினைத்திருக்கலாம் என்று பின்னாளில் நடந்த இரண்டாவது விசாரணையின் முடிவான சாவில் அறிக்கை சொல்கிறது. தங்கள் அதிகாரியின் குண்டையே எதிரியின் குண்டாகக் கேட்கும் அளவுக்கு இடம் அப்படி. அந்த வாகன நிறுத்தக் காட்சியில் எந்தச் சத்தம் எங்கிருந்து என்று பிரிக்க முடியாதபடி கலவை செய்திருப்பது சரியான முடிவு.

திரைமுனை

ஒலித்தடம், தெருக்காட்சிக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படம் தெருவில் மட்டும் நிற்கவில்லையே. பிரிகேட் தலைமையகத்து அறைக்கும் போகிறது. அங்கே சுவரில் வரைபடம் இருக்கிறது. மெக்லெல்லனாக நிக்கலஸ் ஃபாரெல் வானொலியைக் கேட்டுக்கொண்டு நிற்கும் காட்சிகளில் ஒரே ஒருமுறை விரல் வைத்துத் தடை 12ஐயும் 14ஐயும் காட்டியிருந்தால் போதும். தெருவில் இருப்பவனுக்குத் தெரியாததை நமக்குத் தெரியவைத்திருந்தால் பதற்றம் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

மழைநாள்

இடையில் ஒரு அடிப்படைக் கேள்வி. விசாரணையில்லாத சிறை என்று சொல்கிறீர்களே, அது எப்போது வந்தது? பேரணிக்கே தடை இருந்ததா? கிரெகனிலிருந்து வந்தவர்கள் ஏன் சொன்னபடி திரும்பவில்லை? படம் இதையெல்லாம் தெரிந்தவர்களுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறது.

ஆவணப்பெட்டி

1971 ஆகஸ்ட் 9 அன்று கொண்டுவரப்பட்டது. சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஊர்வலங்களுக்கும் தடை இருந்தது, எனவே அன்றைய பேரணி சட்டப்படி தடைசெய்யப்பட்டதே. சிவில் உரிமை இயக்கம் அதற்கு முன்பே நான்கைந்து வருடமாக நடந்துகொண்டிருந்தது. கோரிக்கைகள் வீடு, வேலை, உள்ளாட்சித் தேர்தலில் ஆளுக்கு ஒரு ஓட்டு. 1968 அக்டோபர் 5 அன்று டெரியின் டியூக் தெருவில் போலீஸ் தடியடி நடத்தியது, 1969 ஜனவரியில் பர்ன்டோலெட் பாலத்தில் பேரணி தாக்கப்பட்டது. ஒரு வாரத்துக்கு முன்பு, ஜனவரி 22 அன்று, மகில்லிகன் கடற்கரைப் போராட்டத்தில் இதே பாராசூட் வீரர்கள் ரப்பர் குண்டும் தடியும் கொண்டு அடித்தார்கள். அதைப் பார்த்த பிறகும் அதே பட்டாலியனை டெரிக்கு அனுப்பினார்கள்.

காவல்துறைத் தலைமைக் கண்காணிப்பாளர் ஃபிராங்க் லகன் பேரணியைப் போகவிடுங்கள் என்றே ஆலோசனை சொன்னார். கேட்கப்படவில்லை. படத்தில் ஜெரார்ட் மெக்சார்லி நடித்திருக்கும் பாத்திரம் அவர்தான். அந்த முகத்தில் இருக்கும் சலிப்பு எனக்கு மறக்கவே இல்லை.

கூட்டத்தளம்

ஏன் திரும்பவில்லை என்பதற்குக் கணக்கு போட்டே பதில் சொல்லலாம், மழைநாள்.

பேரணியில் 10,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள் (அதற்கு மேலும் சொல்வார்கள்). தெரு அகலத்தில் வரிசைக்கு 8 பேர், வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர். மொத்த நீளம் ஒன்றேகால் கிலோமீட்டர். லாரியில் இருப்பவர் ஒலிபெருக்கியில் “வலதுபக்கம் திரும்புங்கள்” என்று சொல்லும்போது வால் எங்கேயோ பின்னால் இருக்கிறது. லாரி திரும்பி மறைந்த பிறகு சந்திப்புக்கு வருபவருக்குக் கண்ணெதிரே தெரிவது நேராக ராணுவத் தடை, அதன் எதிரே கூட்டம். கால் அந்தப் பக்கம்தான் போகும். சொல்பேச்சு கேட்காத கூட்டம் என்று இதைச் சொல்லக்கூடாது. வழிகாட்டும் தொண்டர்கள் சந்திப்பின் முனையில் நின்று உடம்பால் மடைகட்டியிருந்தால்தான் திருப்ப முடியும். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு அதுவும் போதாது.

படமெடுப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நம் ஊர்ப் படங்களில் பேரணி என்றால் 300 ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகளைச் சதுரமாக நிறுத்தி நேராக நடக்கவிடுவார்கள். பேரணியின் உடம்பு அப்படி இருக்காது. தலை அடர்த்தி, நடு தளர்வு, வால் உதிரி. ஓரத்தில் நடைபாதையில் வேடிக்கை பார்த்தபடி கூடவே வருபவர்கள், குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், நின்று பேசுபவர்கள். ஆட்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கேமராவுக்கு மிக அருகே வரும் 30, 40 பேருக்கு முழு உடை, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, யாரோடு வந்தார் என்ற உறவு. நடுவில் 100 பேருக்கு மேல்சட்டை, கோட்டு, தலைமுடி சரியாக இருந்தால் போதும். பின்னால் இருப்பவர்களுக்கு நிறம் மட்டும். ஒரே ஒரு பளிச்சென்ற நைலான் ஜாக்கெட் பின்வரிசையில் இருந்தால் 1972 செத்துப்போகும்.

கலைந்து ஓடும் காட்சியில் அடிக்கடி நேரும் தவறு, எல்லோரும் ஒரே நொடியில் ஓடத் தொடங்குவது. முன்னால் இருப்பவர் பார்த்து ஓடுகிறார். அடுத்தவர் ஓடுபவரைப் பார்த்து ஓடுகிறார். மூன்றாமவர் என்னவென்று தெரியாமல் எதிர்த்திசையில் நாலு அடி வைக்கிறார். இந்த அலை ஒரு தெருவைக் கடக்கப் பல நொடிகள் எடுக்கும். ‘பிளடி சண்டே’யில் பேரணியில் நடப்பவர்கள் டெரியின் ஜனங்கள். அந்த நாளைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த அலை அவர்கள் உடம்பில் தானாக வருகிறது. ஜெரி (ஜெரால்ட்) டோனகியாக நடித்த டெக்லன் டடி, அன்று கொல்லப்பட்ட ஜாக்கி டடியின் உடன்பிறந்தவரின் மகன். எதிர்ப்பக்கத்தில் வீரர்களாக நடித்தவர்கள் பலர் ராணுவத்தில் பணியாற்றியவர்கள். வில்ஃபோர்டாக நடித்த சைமன் மானும் முன்னாள் ராணுவ அதிகாரியே. வண்டியிலிருந்து குதிக்கும்போது துப்பாக்கி எங்கே இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நாற்பதடி

படப்பிடிப்பு பற்றிச் சில வரிகள். ஒளிப்பதிவு ஐவன் ஸ்ட்ராஸ்பர்க், 16 எம்.எம்., தோளில் கேமரா. 400 அடிச் சுருள் ஒன்று நொடிக்கு 24 பிரேமில் 11 நிமிடம் ஓடும். அதனால் நடிகர்களை நிறுத்தாமல் ஒரு நிகழ்வை முழுதாக ஓடவிட்டுப் பின்தொடர முடியும். காட்சியின் நடுவில் கேமரா தாமதமாகத் திரும்புவது, ஒருவர் பேசி முடித்த பிறகு அவர் முகத்துக்கு வருவது எல்லாம் இந்த முறையில் வருபவை. நம்மவர்கள் இதைப் பார்த்துக் கேமராவைச் சும்மா ஆட்டுகிறார்கள். ஆட்டம் அல்ல விஷயம். அடுத்து என்ன நடக்கும் என்று கேமராமேனுக்குத் தெரியாததுபோல இருக்க வேண்டும்.

ராஸ்வில் குடியிருப்பு 1980களின் கடைசியில் இடிக்கப்பட்டுவிட்டது. அதனால் கட்டடங்களுக்கு நடுவே நடக்கும் காட்சிகள் பெரும்பாலும் டப்ளினின் பாலிமன் அடுக்குமாடிகளில் எடுக்கப்பட்டன. திரைமுனையின் குறைக்கு ஒரு காரணம் இதுவாகவே இருக்கலாம். இரண்டு நகரங்களில் எடுத்ததை ஒட்டும்போது அகலக் காட்சி வைத்து மொத்த இடத்தையும் காட்ட முடியாது. காட்டினால் சந்திப்பு பொருந்தாது.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரி கடைசியில் டெரியில் சூரியன் ஐந்து மணிக்குச் சற்று முன்னால் மறையும். சுடத் தொடங்கியது சுமார் 4.10. பகல் தெளிவாக, குளிராக இருந்தது. அப்படியானால் நிழல்கள் தெருவின் முழு நீளத்துக்கும் கிடக்கும், அடுக்குமாடியின் ஒரு பக்கம் இருட்டாக இருக்கும். படம் இந்த நீலச் சாம்பலை விடாமல் பிடித்திருக்கிறது.

இரும்புப்பெட்டி

ஆயுதங்கள். வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லை, ஆகவே குழாயில் அழுத்தம் சேராது, எஸ்.எல்.ஆர். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றாது. குழாயின் முனையில் ஒரு அடைப்பான் மாட்டினால்தான் தொடர்ந்து சுடும். அடைப்பானோடு எடுத்த நெருக்கக் காட்சி உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தொடர்ந்து சுடுவதைத் தூரத்திலும் பக்கவாட்டிலும் வைப்பார்கள், நெருக்கத்தில் ஒரே குண்டு. வெற்றுத் தோட்டாவும் சுடு வாயுவைக் கக்கும்; நேராக ஆளைக் குறிவைத்துப் பக்கத்தில் சுடவே கூடாது.

அன்று ராணுவமே ஒப்புக்கொண்ட கணக்கு 108 குண்டு. மேகசின் ஒன்றில் 20 தோட்டா. பிரைவேட் எச் என்று குறிக்கப்பட்டவர் மட்டும் 22 சுட்டார். அதில் 19ஐ ஒரே ஜன்னலில் சுட்டதாகச் சொன்னார். 1972லேயே முதல் விசாரணையை நடத்திய நீதிபதி விட்ஜரி பிரபு அதை நம்பவில்லை. 19 தடவை சுட்ட ஜன்னல் எங்கே?

திரைமுனை

கூட்டல் குறியில் மரணங்களைக் குறிக்கிறேன். வாகன நிறுத்தத்தில் ஒருவர்: ஜாக்கி டடி, 17. அவரைத் தூக்கிச் செல்லும்போது இரத்தம் தோய்ந்த கைக்குட்டையை ஆட்டியபடி முன்னால் போனவர் அருட்தந்தை எட்வர்ட் டேலி. இடிபாட்டுத் தடுப்பில் ஆறு பேர்: மைக்கேல் கெல்லி, ஹியூ கில்மர், வில்லியம் நாஷ், ஜான் யங், மைக்கேல் மெக்டெய்ட், கெவின் மெக்கெல்ஹினி. கிளென்ஃபாடா பார்க்கில் ஜிம் ரே, வில்லியம் மெக்கின்னி. அபி பார்க்கில் ஜெரார்ட் மெக்கின்னி, ஜெரால்ட் டோனகி. முதலாமவரைத் துளைத்த அதே குண்டுதான் இரண்டாமவரையும் தாக்கியது. அடுக்குமாடிக்குத் தெற்கே பேட்ரிக் டோஹர்ட்டி, அவருக்கு உதவ வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டு போன பர்னார்ட் மெக்கிகன்.

தடை 14ன் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. தாளைப் பார்த்தால் போதும்.

மழைநாள்

ஜெரால்ட் டோனகியின் சட்டைப்பையில் ஆணிக்குண்டுகளை (ஆணி நிரப்பிய வெடிகுண்டுகளை) ராணுவம் வைப்பதாகப் படம் காட்டுகிறதே, அது நிரூபிக்கப்பட்டதா?

ஆவணப்பெட்டி

இல்லை. இந்தப் படத்தை மதிப்பவர்கள் இதை நேராகச் சொல்லிவிட வேண்டும். 2010 ஜூன் 15 அன்று வெளியான சாவில் அறிக்கை, அந்த நான்கு ஆணிக்குண்டுகளும் அவர் சுடப்பட்டபோது அவரிடமே இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றது. கூடவே, அவர் அவற்றை எறிய முயலவில்லை, அதற்காகச் சுடப்படவும் இல்லை, தப்பி ஓடும்போது சுடப்பட்டார் என்றும் சொன்னது. முதல் பாதி குடும்பத்தாருக்கும் நகரத்தாருக்கும் ஏற்புடையதாக இல்லை. அவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு: அவரைப் பரிசோதித்த ராணுவ மருத்துவர் அந்த ஆணிக்குண்டுகளைப் பார்க்கவில்லை.

படம் 2002 ஜனவரி 20 அன்று ஐடிவியில் ஒளிபரப்பானது. வீரர்களின் சாட்சியம் லண்டனில் தொடங்கியது அதே வருடம் செப்டம்பரில். ஆக, இயக்குநர் கையில் இருந்தது நேரில் பார்த்தவர்களின் சாட்சியங்கள், டான் முல்லன் தொகுத்த புத்தகம், 1972இன் விட்ஜரி அறிக்கை. அந்த நிலையில் ஒரு பக்கத்தை உறுதியாகக் காட்டிவிட்டார். குண்டுகள் கண்டெடுக்கப்படும் கணத்தை மட்டும் காட்டி, எப்படி வந்தன என்பதைக் கேமராவுக்கு வெளியே விட்டிருந்தால் படம் எட்டு வருடம் கழித்தும் அசையாமல் நின்றிருக்கும்.

ஆனால் பெரிய விஷயங்களில் அறிக்கை படத்தின் பக்கமே வந்து நின்றது. வில்ஃபோர்ட் உத்தரவை மீறினார், அல்லது அதன் வரம்பைக் காரணமில்லாமல் புரிந்துகொள்ளத் தவறினார். சுடப்பட்டவர்களில் யாரும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையில் இல்லை. அன்றே பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

கூட்டத்தளம்

பேரணித் தலைவர்களில் ஒருவரான ஐவன் கூப்பரைப் படம் மையமாக வைத்ததைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவராக நடித்த ஜேம்ஸ் நெஸ்பிட் பிரமாதம். கூப்பர் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்து சிவில் உரிமைக்காக நின்றவர் என்பதால் ‘மதச் சண்டை’ என்ற எளிய பதில் அடிபட்டுப் போகிறது. ஆனால் பேரணியைக் கூட்டியது சிவில் உரிமை அமைப்பும் அதில் உழைத்த பலரும். ஒரு மனிதரின் நாளாகச் சொல்லும்போது அவர்கள் பின்னணியாகிவிடுகிறார்கள். பெர்னடெட் டெவ்லின் சில நிமிடங்களுக்குமேல் இல்லை. மறுநாள் நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சர் மாட்லிங்கை அறைந்தவர் அவர்.

ஒலித்தடம்

அதில் உடன்படுகிறேன். கடைசிச் செய்தியாளர் சந்திப்பைக் கேளுங்கள். காலையில் அதே கூப்பர் கூட்டங்களில் குரலை உயர்த்திப் பேசினார். இரவில் குரல் தாழ்ந்து, மைக்கின் அருகே மூச்சு கேட்கிறது. இன்றிரவு இளைஞர்கள் ஐ.ஆர்.ஏ.வில் சேருவார்கள் என்று அரசிடம் சொல்கிறார். பின்னணி இசை கிடையாது. முடிவில் எழுத்துகளோடு யு2 குழுவின் மேடைப் பாடல் வருகிறது. அந்த அமைதிக்குப் பிறகு அது தேவையில்லை என்பது என் கருத்து. பெயர்களோடு நிறுத்தியிருக்கலாம்.

மழைநாள்

யாரும் தண்டிக்கப்பட்டார்களா?

ஆவணப்பெட்டி

இல்லை. ‘சோல்ஜர் எஃப்’ என்று குறிக்கப்பட்ட ஒருவர்மீது மட்டும் ஜிம் ரே, வில்லியம் மெக்கின்னி கொலை வழக்கு நடந்தது. 2025 அக்டோபர் 23 அன்று பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இரண்டு பேரும் விழுந்தது கிளென்ஃபாடா பார்க்கில். திரைமுனையின் தாளில் இடது பக்கம்.

திரைமுனை

ஒரு சேர்க்கை. 13 என்றும் 14 என்றும் இரண்டு எண்ணிக்கை வரும். முதலில் காயப்பட்ட ஜான் ஜான்ஸ்டன் 1972 ஜூன் 16 அன்று இறந்தார். 14 என்பவர்கள் அவரையும் சேர்த்து எண்ணுகிறார்கள். கூட்டல் குறியில் அவருக்கு இடம் சந்திப்புக்கு மேற்கே, வில்லியம் தெருவில், பேரணி வந்த வழியில். வாகனங்கள் நுழைவதற்குக் கால் மணி நேரம் முன்பு.